விட்டுப்போன கண்ணி

பிழை என்பது ஆசிரியர்களாகிய நம் நாவில் நாள்தோறும் வழங்கும் சொல். எழுத்துப் பிழை, சந்திப் பிழை, ஒருமை பன்மைப் பிழை என்று அவற்றுக்கு வகை வகுத்துப் பெயரிட்டிருக்கிறோம். சிவப்பு மையால் சுழிக்கிறோம், எண்ணுகிறோம், மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். ஆயினும், பிழைகள் யாவும் ஒரே எடை உடையனவா என்னும் கேள்வியை நமக்கு நாமே எழுப்பிக்கொள்வது அரிது. முப்பது ஆண்டுகள் பள்ளியிலேயே கழித்த எனக்கு அக்கேள்வி பள்ளியில் எழவில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், என் வீட்டு முன்கூடத்தில், இரண்டு ஊசிகளையும் ஓர் உருண்டைக் கம்பளி நூலையும் மடியில் வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் எழுந்தது.

தலைமையாசிரியருக்கும் கம்பளிப் பின்னலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். என் மகளும் மருமகனும் கேமரன் மலையில் பணியாற்றுகின்றனர். தானா ராத்தா கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே விடியற்காலைக் குளிர் பெரியவர்களையே நடுக்கும். என் பேரன் அவ்வாண்டு அங்கே முதலாம் ஆண்டில் சேரவிருந்தான். எங்கள் வீட்டுப் பேரக் குழந்தைகளுக்கெல்லாம் என் துணைவியார் தம் கையால் ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருக்கிறார். இவன் முறை வந்தபோது அவருடைய விரல் மூட்டுகள் வீங்கி இறுகிவிட்டன. ஊசியைப் பிடிக்க இயலவில்லை. வாங்கி வைத்த நூல் அலமாரியில் கிடந்தது. ஒருநாள் அவர் அதை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்ததைக் கண்டேன். “எனக்குச் சொல்லிக் கொடு, நான் பின்னுகிறேன்,” என்றேன். அவர் சிரித்தார். பிறகு நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு ஊசிகளைக் கொண்டுவந்தார்.

நாங்கள் வாழ்வது தாப்பாவுக்கு அருகில். மலைக்கு ஏறும் சாலை அங்கிருந்துதான் தொடங்குகிறது; அறுபது கிலோமீட்டர் சென்றால் குளிர். அடிவாரத்திலோ புழுக்கம். மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்தும் உள்ளங்கை வியர்த்து நூல் விரலில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் அமர்ந்து குளிருக்குச் சட்டை பின்னும் என்னைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்தனர்.

பின்னல் நெசவினின்றும் வேறானது. நெசவில் பாவும் ஊடும் என இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்கும் செல்லும். ஓரிழை அறுந்தாலும் மற்ற இழைகள் துணியைப் பிடித்துக்கொள்ளும். பின்னலிலோ ஒரே நூல்தான். அந்நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது. அக்கண்ணியின் வழியே மேலே ஒரு கண்ணி இழுக்கப்படுகிறது. அதன் வழியே இன்னொன்று. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ளதன்மேல் நிற்கிறது; தனக்கு மேலே உள்ளதைத் தாங்குகிறது. நூலைக் கருவிக்குப் பின்னால் வைத்துப் பின்னுவது ஒருவகை, முன்னால் வைத்துப் பின்னுவது மற்றொரு வகை. அவ்வளவே அதன் இலக்கணம். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589ஆம் ஆண்டில் காலுறை பின்னும் பொறியொன்றை அமைத்தார். ஊசியில் ஒவ்வொன்றாகப் பின்ன வேண்டியிருந்த கண்ணிகளை அப்பொறி ஒரு வரிசை முழுவதும் ஒருங்கே பின்னியது. கையால் பின்னுகிறவனுக்கோ இன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பின்னியாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் நம் தொழிலும் அத்தகையதே. முப்பது பிள்ளைகளுக்கு ஒருங்கே பாடம் நடத்தலாம். ஒருங்கே கற்பிக்க இயலாது.

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னச் சொன்னார் துணைவியார். நான்கு மில்லிமீட்டர் ஊசியில், பத்து சென்டிமீட்டர் அகலத்திற்கு 22 கண்ணிகள் வரவேண்டும். அளந்து பார்த்தால் எனக்கு 26 வந்தது. “அச்சத்தினால் நூலை இறுக்குகிறீர்கள், இப்படியே பின்னினால் சட்டை பிள்ளைக்குக் கழுத்தோடு நின்றுவிடும்,” என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். சட்டையின் முதுகுப் பகுதிக்கு 75 கண்ணிகள். அகலம் 34 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது என் கையில் 29 ஆகக் குறுகிவிடும். புதிதாகக் கற்கிறவன் கை இறுகும் என்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எவரும் சொன்னதில்லை. எத்தனை சிறுவர்கள் எழுதுகோலைத் தாள் கிழியும்படி அழுத்தியதற்காக என்னிடம் கடிந்துரை பெற்றிருக்கிறார்கள்! ஐம்பத்தைந்தாம் அகவையில் நான் ஒன்றாம் வகுப்பில் அமர்ந்தேன் என்க.

மூன்று மாதிரித் துண்டுகளுக்குப் பின் கை தளர்ந்தது. முதுகுப் பகுதியைத் தொடங்கினேன். ஐம்பத்து நான்காம் வரிசையை முடித்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, வழவழப்பாக இருக்க வேண்டிய முகப்பின் நடுவில், நாற்பதாம் வரிசையில், ஒரு சிறு முடிச்சுப்போல ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நூலைப் பின்னால் வைக்க வேண்டிய இடத்தில் முன்னால் வைத்துப் பின்னிவிட்டேன். பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே படும். தலைமையாசிரியர் கைவேலையில் அப்படியொரு குறையா? பதினான்கு வரிசைகளையும் பிரித்துவிடத் துணிந்தேன். “அது கிடக்கட்டும், அதனால் ஒன்றும் ஆகாது,” என்றார் துணைவியார். நான் கேட்கவில்லை. வரிசைக்கு 75 வீதம் ஆயிரத்து ஐம்பது கண்ணிகள். ஒரு மாலை முழுவதும் போயிற்று. பிரித்த நூல் சுருள் சுருளாக மடியில் குவிந்தது. அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, உலர்த்தி நேராக்கினார் துணைவியார். நான் மட்டும் பெருமிதத்தோடு இருந்தேன். பிழையைப் பொறுக்காதவன் என்னும் பெருமிதம் அது.

மறுநாள் ஊசியை எடுக்கும்போது அவர் கேட்டார்: “கண்ணிகளை எண்ணினீர்களா?”

எண்ணினேன். எழுபத்து நான்கு.

மீண்டும் எண்ணினேன். எழுபத்து நான்குதான். அவர் துணியை வாங்கி இரு கைகளாலும் மெல்ல அகல இழுத்தார். நான் பிரித்த இடத்துக்கும் கீழே, முப்பத்தோராம் வரிசையில், ஒரு கண்ணி எந்த ஊசியிலும் இல்லாமல் தனியே வாய் திறந்து நின்றது. இழுத்தவுடன் அது தன் கீழுள்ள கண்ணியையும் நழுவவிட்டது. அதன் கீழுள்ளதும் நழுவிற்று. என் கண்ணெதிரே ஓர் ஏணி கீழ்நோக்கி இறங்கிற்று. முந்திய நாள் அத்துணியை எத்தனை முறை தூக்கிப் பார்த்திருப்பேன்! கம்பளி சொரசொரப்பானது; விட்டுப்போன கண்ணியையும் சில காலம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். எழுபத்தைந்தில் ஒன்று குறைந்தாலும் ஓரங்கள் நேராகவே தோன்றும். எண்ணினால் அல்லது தெரியாது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயிரத்து ஐம்பது கண்ணிகளைப் பிரித்து நான் திருத்திய பிழை, எவரையும் எதையும் கெடுக்காதது. அந்தத் துருத்தல் அங்கேயே இருந்திருந்தாலும் தன் கீழுள்ளதைப் பற்றிக்கொண்டு, மேலுள்ளதைத் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். உண்மையில் துணியை அழிக்கவல்ல பிழை கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருந்தது. முதலாவதை நான் பிரித்தது சட்டைக்காகவா? இல்லை, எனக்காக. என் குறை பிறர் கண்ணில் படும் என்னும் நாணத்திற்காக.

பிழையைப்பற்றி இருவேறு கொள்கைகள் உலகில் உண்டு. ‘உண்மை ஒன்றே, ஆகவே சிறிதாயினும் பெரிதாயினும் பிழை பிழையே, எதையும் விட்டுவைத்தல் ஆகாது’ என்பது ஒன்று. ‘எவர் பார்க்கப் போகிறார்; விட்டுவிடு’ என்பது மற்றொன்று. முதலாவது சான்றோர் கொள்கையாகவும் இரண்டாவது சோம்பர் கொள்கையாகவும் தோன்றும். ஆனால் அன்று முதலாவதைப் பின்பற்றிய நான் இரண்டாவதன் அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தேன். வெளியே தெரிகிறதா என்பதே என் கேள்வியாகவும் இருந்தது. தெரிந்ததைப் பிரித்தேன், தெரியாததைத் தேடவில்லை. பிழையை அளக்க வேறொரு கேள்வி வேண்டும். இதன்மேல் எது நிற்கப் போகிறது? இது நழுவினால் எதெது உடன் நழுவும்? இக்கேள்வியைக் கேட்டால் பிழைகளின் வரிசையே மாறிவிடுகிறது.

‘அப்படியானால் லகர ளகர ழகரப் பிழைகளைத் திருத்த வேண்டாமா?’ என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்கலாம். வேண்டும், திருத்தாமல் விட்டால் மொழி தேயும். நான் சொல்ல வருவது இதுதான்: ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பலம்’ என்று எழுதும் சிறுவன் எழுதத் தெரிந்த சிறுவன். அவன் நூலைப் பிடித்திருக்கிறான். அவனுடைய பிழையே அதற்குச் சான்று. பிழை செய்யக்கூட இயலாத பிள்ளை ஒருவன் அதே வகுப்பில் இருப்பான். அவன் ஏட்டில் சிவப்பு மைக்கு வேலையே இராது. கரும்பலகையைப் பார்த்து வரைந்த எழுத்துகள் அழகாகவே இருக்கும். நம் நேரமோ அளவுடையது. அந்த அளவான நேரத்தை எப்பிழைக்குச் செலவிடுகிறோம் என்பதே நம் அறத்தைக் காட்டிவிடுகிறது.

இதை நான் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த இரவில் என் நினைவுக்கு வந்தது பொதுவான ஒரு பிள்ளை அன்று.

1995ஆம் ஆண்டு நான் மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியன். வகுப்பில் 34 பேர். அவர்களுள் ஒருவன் செய்யுள் ஒப்பிப்பதில் வல்லவன். ஒருமுறை கேட்டால் போதும், அடி பிறழாமல் சொல்வான். பள்ளிக்கு வருகையாளர் வந்தால் அவனைத்தான் எழுப்பி நிறுத்துவேன். ஒருநாள் ஏதோ தோன்றி, பாடநூலில் இல்லாத ஒரு பக்கத்தை எடுத்து அவனிடம் நீட்டிப் படிக்கச் சொன்னேன். அவன் தாளைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் நின்றான். அவனுக்கு எழுத்துகள் தெரியவில்லை. கேட்டதையெல்லாம் மனத்தில் வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டுகள் வந்திருக்கிறான். நான் தாளை வாங்கிக்கொண்டு, “சரி, உட்கார்,” என்றேன். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்தேன். அடுத்த வாரம் பள்ளிக்கு மேற்பார்வை இருந்தது. அதற்கடுத்து ஆண்டிறுதித் தேர்வு. நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுதோறும் தாமாகவே அடுத்த வகுப்புக்கு ஏறிவிடுவர். அவனும் ஏறினான். நானும் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனேன்.

முதல் மூன்று ஆண்டு மாணவரின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்துக் கண்டறியும் ‘லினுஸ்’ திட்டத்தை அரசு 2010ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு நெடுநாள் முன்பே அவன் பள்ளியை விட்டுப் போயிருந்தான். ஆயினும் அதனை என் குற்றத்திற்கு மறைப்பாக நான் காட்ட இயலாது. கண்டறியும் திட்டம் எனக்குத் தேவையாக இருக்கவில்லை. நான் கண்டறிந்துவிட்டேன். கண்ட பின்னும் அடுத்த வரிசையைப் பின்னத் தொடங்கினேன். அறியாமல் விட்ட கண்ணி வேறு. அறிந்து விட்ட கண்ணி வேறு.

அதே ஊருக்கு 2014இல் தலைமையாசிரியராகத் திரும்பினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, வங்கியொன்றில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னிடம் ஒரு படிவத்தை நீட்டி, “கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், கொஞ்சம் நிரப்பித் தர்றீங்களா?” என்று கேட்டார். பிறந்த மகளுக்குக் கணக்குத் திறக்க வந்திருந்தார். பெயரைச் சொன்னபோதுதான் அவரை அடையாளம் கண்டேன். அவரோ என்னை முன்பே அறிந்துகொண்டிருந்தார். “நீங்க சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு, சார்,” என்றார். அவர் மூக்கின்மேல் கண்ணாடி அணிந்த தடம் இல்லை. அவர் குரலில் எள்ளளவும் குறைகூறல் இல்லை, நன்றிதான் இருந்தது. நான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அன்றும் ‘பிறகு’ என்றே எண்ணிக்கொண்டேன்.

அந்த ‘பிறகு’ வந்தது, எழுபத்து நான்கு என்று எண்ணிய இரவில்தான்.

விட்டுப்போன கண்ணியை எப்படி மீட்பது என்று மறுநாள் கற்றேன். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுவதில்லை. ஒரு கொக்கி ஊசியால் அடியில் நிற்கும் கண்ணியைப் பிடித்து, ஏணியின் ஒவ்வொரு படியாக அதன் வழியே இழுத்து, கீழிருந்து மேலாக ஏற்றிவர வேண்டும். முப்பத்தோராம் வரிசைவரை எளிதாக ஏறிற்று. அதற்கு மேல்தான் தொல்லை. அதற்கு மேலுள்ள வரிசைகள் அக்கண்ணி இல்லாமலேயே பின்னப்பட்டவை. அங்கே அதற்கென்று நூல் இல்லை. பக்கத்துக் கண்ணிகளை ஊசி முனையால் மெல்லத் தளர்த்தி, அவற்றிடமிருந்து சிறிது சிறிதாக நூலை வாங்கி இதற்குக் கொடுக்க வேண்டும். வெகு நேரம் ஆயிற்று. ஏறி முடிந்தபோது அவ்விடத்தில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. “பிரித்து மறுபடியும் பின்னட்டுமா?” என்று கேட்டேன். “அது பிடித்துக்கொண்டுவிட்டது, இனி விழாது. அப்படியே இருக்கட்டும்,” என்றார் துணைவியார். இம்முறை கேட்டேன்.

அந்த வாரம் அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தை நான் திருப்பி வாங்கிக்கொண்டதைச் சொன்னேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அல்லது இல்லை என்று சொல்லி என்னைக் காத்தார். மாலைகளில் வந்தால் நானே படிப்பிக்கிறேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “இனிமே எனக்கு எதுக்கு, சார்? என் மக படிக்கிறாளான்னு பார்த்துக்குங்க, அது போதும்,” என்றார். வற்புறுத்தும் உரிமை எனக்கு இல்லை. எல்லாக் கண்ணிகளையும் மீட்டுவிடலாம் என்று நான் எழுதினால் அது பொய்யாகும்.

அவர் மகள் இப்போது எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் பள்ளியில் மாதந்தோறும் முதல் வாரத்தில், முன்பு பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே படிக்கச் செய்கிறோம். மதிப்பெண் இல்லை, பட்டியல் ஒட்டுவதில்லை. படிக்கிறான், படிக்கவில்லை என்னும் ஒரே குறிப்புத்தான். முதல் மாதத்தில் ஒன்பது பிள்ளைகள் அகப்பட்டனர். அவர்களுள் மூவர் நல்ல மதிப்பெண் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். அந்த ஒன்பதின்மருக்கும் நாள்தோறும் அரைமணி நேரம் தனியே ஒதுக்கினோம். அந்த அரைமணி வானிலிருந்து இறங்கி வரவில்லை. ஓர் ஆசிரியர் தம் ஓய்வு வேளையைத் தந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு இருந்த சில பயிற்சிகள் குறைந்தன. ‘நன்றாகப் படிக்கிறவர்களுக்கு இது இழப்பன்றோ?’ என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். இழப்புத்தான். பக்கத்துக் கண்ணிகள் தளர்ந்து கொடுத்தால்தான் விழுந்தது எழும். காலங்கடந்து எடுக்கிறபோது அவ்விலை கூடும் என்பதே உடனுக்குடன் எண்ணிப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் என்று விடை சொன்னேன். அவர் முழுமையாக உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன்.

திருவள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் அரசனுக்குரிய பகுதியில் வைத்திருக்கிறார். இளமையில் அதைப் படித்தபோது, குற்றம் எல்லார்க்கும் பொதுவாயிருக்க அரசனுக்கு மட்டும் தனியே ஏன் சொன்னார் என்று எண்ணியதுண்டு. இப்போது ஒருவாறு விளங்குகிறது. தனியொருவன் குற்றம் பெரும்பாலும் அவனோடு நின்றுவிடும். பலர் எவன்மேல் நிற்கிறார்களோ அவன் நழுவினால் அவர்களும் நழுவுவர். வகுப்பறைக்குள் நுழையும் ஒவ்வோர் ஆசிரியரும் அவ்வகையில் ஒரு சிறு அரசுக்குப் பொறுப்பேற்கிறார். அவருடைய கைப்பிழை அவருடைய ஏட்டில் பதிவதில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு வங்கியில், வேறொருவர் கையில் நடுங்கும் படிவத்தில் பதிகிறது.

கம்பளிச் சட்டை நான்கு மாதங்களில் முடிந்தது. முதுகு, மார்பு, இரண்டு கைகள் ஆகியவற்றைத் துணைவியாரே தம் வலிக்கும் விரல்களால் இணைத்துத் தைத்தார். மலைக்குச் சென்று பேரனுக்கு அணிவித்தோம். கைகள் சற்று நீளம்; இரண்டு விரற்கடை மடித்துவிட்டோம். முதுகில் இருந்த சுருக்கத்தை அவன் தடவிப் பார்த்து, “தாத்தா, இது என்ன?” என்று கேட்டான். “அங்கே ஒன்று விட்டுப்போயிற்று; திரும்பிப் போய் எடுத்துவந்தேன்,” என்றேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது, விளையாட ஓடிவிட்டான்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஏட்டில் சிவப்பு மை மிகுந்திருந்தால் வருந்தாதீர்கள். நீங்கள் நூலைப் பிடித்திருக்கிறீர்கள். படிக்க இயலவில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். ஆசிரிய நண்பர்களே, நாளைக் காலை வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, வந்தவர்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல் ஒருமுறை துணியை அகல இழுத்துப் பாருங்கள். எழுபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்து நான்கு இருந்தால், அடுத்த வரிசையைத் தொடங்காதீர்கள்.